ஃப்ரம் என்றால் அன்றைய தேதி சேர்த்தியா?

"வித்இன் ஃப்ரைடே முடித்துவிடுகிறேன்" என்று ஒருவர் ஆங்கிலத்தில் சொன்னால் அவர் தெற்கேயிருந்து வந்தவர். "டில் ஃப்ரைடே அனுப்பிவிடுகிறேன்" என்றால் ஹிந்தி பேசும் ஊர்க்காரர். வடக்கே ஒரு வங்கி அலுவலகத்தில் கொஞ்ச காலம் குப்பை கொட்டினால் போதும், ஆளைப் பார்க்காமலே ஊரைச் சொல்லிவிடலாம் :-) இரண்டு பேரும் சொல்ல வந்தது ஒன்றேதான். பை ஃப்ரைடே.

இதில் யாரையும் கேலி செய்ய ஒன்றுமில்லை. தமிழில் "வெள்ளிக்கிழமைக்குள்" என்கிறோம், "மூன்று நாளைக்குள்" என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே "க்குள்". ஆங்கிலத்தில் முன்னதற்கு பை, பின்னதற்கு வித்இன். ஹிந்திக்காரருக்கு இந்தக் குழப்பம் வராது. அவருக்கு வேறு குழப்பம். "சுக்ரவார் தக் ருக்கோ" என்றால் வெள்ளி வரை காத்திரு. "சுக்ரவார் தக் தே தோ" என்றால் வெள்ளிக்குள் கொடு. "வரை"யும் "க்குள்"ளும் அவருக்கு ஒரே "தக்". ஆக, தாய்மொழி எங்கே இரண்டை ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறதோ அங்கேதான் நாம் ஆங்கிலத்தில் தடுக்கி விழுகிறோம்.

இந்த அளவுக்கு இலக்கணப் புத்தகங்கள் நன்றாகவே சொல்லித் தருகின்றன. பை என்றால் அந்த நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும். டில் அல்லது அண்டில் என்றால் அந்த நேரம் வரை இடைவிடாமல். வித்இன் த்ரீ டேஸ் என்றால் மூன்று நாளைக்குள். இன் த்ரீ டேஸ் என்றால் பெரும்பாலும் மூன்று நாள் கழித்து. இதை மனப்பாடம் செய்தால் பரீட்சை பாஸ்.

ஆனால் புத்தகம் சொல்லாமல் விடும் கேள்வி ஒன்று இருக்கிறது. குறிப்பிட்ட அந்த நாள் கணக்கில் உண்டா, இல்லையா? "ஃப்ரம் ஃபர்ஸ்ட் ஜூன்" என்றால் ஜூன் 1 சேர்த்தியா? "அண்டில் 14 ஆகஸ்ட்" என்றால் 14 உள்ளேயா வெளியேயா? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களே இதற்காக நானூறு வருஷத்துக்கும் மேலாகக் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். நிலம், சொத்து, இன்ஷூரன்ஸ், பில், செக் என்று பணம் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. இந்தப் பதிவு அந்தக் கதையைப் பற்றியது. நான் படித்தது பி.காம்., மொழியியல் இல்லை. அதனால் பணம் போன வழியாகவே போகிறேன்.

முதலில் நாம் எப்படி எண்ணுகிறோம் என்று பார்த்துவிடலாம். ஊரில் "பதினைந்து நாள் கழித்து வா" என்பார்கள். சொல்வது இரண்டு வாரத்தை. இரண்டு வாரம் என்றால் பதினான்கு நாள்தானே? இந்த வாரச் செவ்வாயையும் எண்ணி, அடுத்தடுத்த வாரச் செவ்வாயையும் எண்ணினால் பதினைந்து. இரண்டு முனையும் சேர்த்தி. ஹிந்தியிலும் இதே "பந்த்ரஹ் தின்"தான். பிரெஞ்சுக்காரர்களும் இரண்டு வாரத்துக்குப் பதினைந்து நாள் என்றே சொல்கிறார்கள். ஆங்கிலேயர் மட்டும் ஃபோர்ட்நைட் என்று பதினான்கு இரவுகளை எண்ணுகிறார்கள். பைபிளில் வெள்ளிக்கிழமை சிலுவையும் "மூன்றாம் நாள்" ஞாயிற்றுக்கிழமை உயிர்த்தெழுதலும் வருவதும் இரண்டு முனையையும் சேர்த்து எண்ணும் பழக்கத்தால்தான். யாரும் தப்பாக எண்ணவில்லை. வேலிக்கம்பத்தை எண்ணுகிறோமா, கம்பங்களுக்கு நடுவில் உள்ள இடைவெளியை எண்ணுகிறோமா என்பதுதான் வித்தியாசம். எதை எண்ணுவது என்பதை ஃப்ரம் என்ற சொல் தானாகச் சொல்வதில்லை.

இனி இங்கிலாந்துக்குப் போவோம்.

1585ல் க்ளேட்டன் வழக்கு என்று ஒன்று. ஒரு குத்தகைப் பத்திரம். "இது முதற்கொண்டு" இத்தனை வருஷம் என்று எழுதினால் பத்திரத்தைக் கையில் கொடுத்த அந்த நாளும் சேர்த்தி என்று முடிவானது. ஆனால் "பத்திரம் எழுதிய நாளிலிருந்து" என்று எழுதினால் அந்த நாள் சேராது, மறுநாள்தான் தொடக்கம். இரண்டிலும் ஃப்ரம் இருக்கிறது. பின்னால் வரும் சொல்லை வைத்து ஒரு நாள் வித்தியாசம். வக்கீல்களுக்குக் கொண்டாட்டம்தான். அதற்கப்புறம் கிட்டத்தட்ட இருநூறு வருஷம் இந்த நுணுக்கத்தைப் பிடித்துக்கொண்டு தீர்ப்புகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போயின.

1777ல் அது லார்ட் மான்ஸ்ஃபீல்ட் முன்னால் வந்தது. பியூ எதிர் லீட்ஸ் பிரபு வழக்கு. விஷயம் இதுதான். ஒரு குடும்பச் சொத்து. அதை வைத்திருப்பவருக்குக் குத்தகைக்கு விடும் அதிகாரம் உண்டு, ஆனால் உடனே தொடங்கும் குத்தகையாக இருக்க வேண்டும். பின்னால் ஒரு தேதியில் தொடங்கும் குத்தகைக்கு அதிகாரம் இல்லை. அவர் கொடுத்த பத்திரத்தில் "இத்தேதியிட்ட நாளிலிருந்து" என்று இருந்தது. பழைய தீர்ப்புப்படி அந்த நாளைத் தள்ளினால் குத்தகை நாளைக்குத்தான் தொடங்குகிறது. நாளைக்குத் தொடங்கினால் அது எதிர்காலக் குத்தகை. எதிர்காலக் குத்தகை என்றால் செல்லாது! ஒரே ஒரு நாள். மொத்தக் குத்தகையும் காலி.

மான்ஸ்ஃபீல்ட் பழைய வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. கடைசியில் அவர் வந்த முடிவு, ஃப்ரம் என்ற சொல்லுக்கு அன்றைய நாளைச் சேர்க்கும் அர்த்தமும் உண்டு, தள்ளும் அர்த்தமும் உண்டு, இடத்தைப் பார்த்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது. பத்திரம் எழுதியவர்கள் அது செல்ல வேண்டும் என்றுதானே எழுதியிருப்பார்கள்? அதனால் அதைக் காப்பாற்றும் அர்த்தத்தை எடுப்போம் என்று அன்றைய நாளைச் சேர்த்தார். குத்தகை பிழைத்தது.

நியாயமான தீர்ப்புதான். ஆனால் கவனியுங்கள், ஃப்ரம் என்றால் என்ன என்ற கேள்விக்கு இது பதில் இல்லை. "கேஸைப் பொறுத்தது" என்கிற பதில். கோர்ட்டுக்குப் போனால்தான் தெரியும் என்றால், வியாபாரம் செய்கிறவன் என்ன செய்வான்?

அடுத்து 1808. லெஸ்டர் எதிர் கார்லண்ட். இந்தத் தடவை ஃப்ரம் இல்லை, ஆஃப்டர். ஒருவர் உயில் எழுதியிருந்தார். தான் இறந்த பிறகு ஆறு மாதத்துக்குள் ஒரு பெண்மணி குறிப்பிட்ட ஒருவரை மணக்கமாட்டேன் என்று உறுதிப்பத்திரம் கொடுக்க வேண்டும், கொடுத்தால்தான் சொத்தில் பங்கு. (அந்தக் காலத்து உயில்கள் அப்படி!) அவர் இறந்தது 1805 ஜனவரி 12. பத்திரம் கொடுக்கப்பட்டது ஜூலை 12. இறந்த நாளைச் சேர்த்தால் ஆறு மாதம் ஜூலை 11ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. தள்ளினால் ஜூலை 12 கடைசி நாள். சர் வில்லியம் கிராண்ட் இறந்த நாளைத் தள்ளினார். சட்டம் நாளைத் துண்டு துண்டாக எண்ணாது, மரணம் எந்த மணிக்கு நடந்தாலும் அந்த நாள் முழுவதும் அந்த நிகழ்ச்சிக்குச் சொந்தம், அவகாசம் மறுநாளிலிருந்துதான் என்பது இதன் சாரம். இது மனதில் நிற்கட்டும். இருநூறு வருஷம் கழித்து நம்ம ஊர் செக் கேஸில் இந்தத் தீர்ப்பு மறுபடியும் வரப்போகிறது.

மூன்றாவது, 1870. ஐசக்ஸ் எதிர் ராயல் இன்ஷூரன்ஸ். தீ விபத்துக்கான பாலிசி, 1868 பிப்ரவரி 14லிருந்து ஆகஸ்ட் 14 வரை. ஃப்ரம், அண்டில் இரண்டும் இருந்தன. தீ பிடித்தது எப்போது என்று நினைக்கிறீர்கள்? சரியாக ஆகஸ்ட் 14! அண்டில் என்றால் 14ஆம் தேதி வெளியே என்று கம்பெனி சொன்னது. கோர்ட் ஒத்துக்கொள்ளவில்லை. தொடங்கிய நாளான பிப்ரவரி 14ஐத் தள்ளி, முடியும் நாளான ஆகஸ்ட் 14ஐ முழுசாகச் சேர்த்தது. இன்றைக்கு நம் வண்டி இன்ஷூரன்ஸை எடுத்துப் பாருங்கள், தொடங்கும் மணியும் "நள்ளிரவு வரை" என்பதும் அச்சிட்டிருக்கும். அதெல்லாம் இந்த மாதிரி நெருப்பில் சுட்டுக்கொண்ட பிறகு வந்த புத்தி.

இப்போது இந்தியாவுக்கு வருவோம். வெள்ளைக்காரர்கள் இங்கே சட்டம் எழுதும்போது, தங்கள் ஊர்க் கோர்ட்டுகள் பட்ட பாடு தெரிந்துதான் எழுதினார்கள். 1897ல் வந்த ஜெனரல் கிளாசஸ் ஆக்ட் இன்றும் அமலில் இருக்கிறது. மற்ற சட்டங்களைப் படிப்பதற்கான சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் 9வது பிரிவு முழுக்க இரண்டு ப்ரிபோசிஷன்களைப் பற்றியது. தொடர்ச்சியான நாட்களில் முதல் நாளைத் தள்ள ஃப்ரம் என்று போட்டால் போதும், கடைசி நாளைச் சேர்க்க டு என்று போட்டால் போதும். அவ்வளவுதான். மான்ஸ்ஃபீல்ட் இடத்தைப் பார்த்துச் சொல்கிறேன் என்றதை இங்கே ஒரே வரியில் கட்டிவிட்டார்கள்.

அந்தப் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு இன்னும் சுவாரசியம். இந்த விதி 1868 ஜனவரி 3க்குப் "பின்" இயற்றிய சட்டங்களுக்கும், 1887 ஜனவரி 14 "அன்றோ அதற்குப் பின்னோ" செய்த ரெகுலேஷன்களுக்கும் பொருந்தும் என்கிறது. ஒரே வாக்கியத்தில் ஓரிடத்தில் ஆஃப்டர், அடுத்த இடத்தில் ஆன் ஆர் ஆஃப்டர். முன்னதில் அந்த நாள் வெளியே, பின்னதில் உள்ளே. எழுதியவர் ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு வைத்திருக்கிறார்.

எங்கள் தொழிலுக்கான வேதம் அதற்கும் முந்தையது. 1881ஆம் வருஷத்து மாற்றுமுறை ஆவணச் சட்டம், அதாவது நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் ஆக்ட். வங்கிப் பரீட்சை எழுதிய யாரும் இதை மறக்க முடியாது. ஒரு பில்லில் அட் சைட் என்று இருந்தால் காட்டியவுடன் பணம். ஆஃப்டர் சைட் என்று இருந்தால், காட்டி, எதிராளி ஏற்றுக் கையெழுத்துப் போட்டு, அதன் பிறகு சொன்ன நாட்கள் கழித்துத்தான் பணம். அட்டுக்கும் ஆஃப்டருக்கும் நடுவில் ஒரு முழு வியாபாரக் கடன் உட்கார்ந்திருக்கிறது! இதை நம் நாட்டு வணிகர்கள் ப்ரிபோசிஷன் இல்லாமலே தெளிவாக வைத்திருந்தார்கள். காட்டியவுடன் பணம் என்றால் தர்சனி உண்டி, தவணைக்குப் பிறகு பணம் என்றால் முத்ததி உண்டி. பெயரிலேயே விஷயம் முடிந்தது. 1881 சட்டமும் நாட்டு மொழி ஆவணங்களின் உள்ளூர் வழக்கத்தில் கை வைக்கமாட்டேன் என்று முதல் பிரிவிலேயே சொல்லிவிட்டது.

அந்தச் சட்டத்தின் 24வது பிரிவு "தேதியிலிருந்து இத்தனை நாள்" பில்லுக்கு அந்தத் தேதியைத் தள்ளச் சொல்கிறது. 22வது பிரிவு மூன்று நாள் சலுகை கொடுக்கிறது. 23வது பிரிவு மாதக் கணக்கைச் சொல்கிறது. அதில் ஒரு உதாரணம்: 1878 ஜனவரி 29 தேதியிட்ட, ஒரு மாதம் கழித்துப் பணம் தர வேண்டிய பில். பிப்ரவரியில் 29 கிடையாது. அதனால் 28, அதன் பிறகு மூன்றாம் நாள், ஆக மார்ச் 3. வெறும் விதி சொல்லி விடாமல் வருஷம், தேதியோடு கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஏன்? சொல்லை நம்பினால் சண்டை வரும், தேதியைக் காட்டினால் வராது என்று தெரிந்திருக்கிறது.

இவ்வளவு ஜாக்கிரதையாக எழுதிய சட்டத்துக்குள் நூறு வருஷம் கழித்து ஒரு ஓட்டை விழுந்தது. இங்கேதான் நம் கதையின் முக்கியமான கட்டம்.

செக் திரும்பினால் குற்றம் என்று ஆக்கியது 138வது பிரிவு. 1988ல் திருத்தம் கொண்டுவந்து, 1989 ஏப்ரல் 1லிருந்து அமலானது. இதில் வரிசையாக நான்கு கெடுக்கள். செக்கை அதன் தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் அல்லது அது செல்லுபடியாகும் காலத்துக்குள், எது முந்தியோ அதற்குள், போட வேண்டும். (ரிசர்வ் வங்கி 2012 ஏப்ரல் 1லிருந்து செக்கின் ஆயுளை மூன்று மாதமாகக் குறைத்துவிட்டதால் நடைமுறையில் மூன்று மாதம்தான்.) திரும்பிய தகவல் கிடைத்து முப்பது நாளைக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். 2002 திருத்தத்துக்கு முன் இது பதினைந்து நாளாக இருந்தது. நோட்டீஸ் கிடைத்துப் பதினைந்து நாளைக்குள் எதிராளி பணம் தரவில்லை என்றால் வழக்குக்கான காரணம் பிறக்கிறது. அது பிறந்து ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார்.

இதை ஆங்கிலத்தில் எழுதியவர் முதல் கெடுவுக்கு ஃப்ரம் போட்டார். மற்ற மூன்றுக்கும் ஆஃப் போட்டார். ஆமாம், சாதாரண ஓ, எஃப். "வித்இன் ஃபிஃப்டீன் டேஸ் ஆஃப்." பேச்சு ஆங்கிலத்தில் யாரும் இதைக் கண்டுகொள்ளமாட்டார்கள். ஆனால் 1897 சட்டம் முதல் நாளைத் தள்ளுவது ஃப்ரம் என்ற சொல்லுக்குத்தானே? ஆஃப் என்றால்?

யோசித்துப் பாருங்கள். கடன் கொடுத்தவர் செக்கை வைத்துக்கொண்டு அலைந்து, நோட்டீஸ் விட்டு, வக்கீல் பிடித்துப் புகார் கொடுக்கிறார். ஒரு நாள் தாமதம் என்று ஆனால் அந்தக் கிரிமினல் வழக்கே போய்விடும். இன்று தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டினால் கோர்ட் மன்னிக்கலாம். ஆனால் அந்த அதிகாரம் 2002 திருத்தத்தில்தான் வந்தது. அதற்கு முன் மன்னிப்பே கிடையாது.

சாகேத் இந்தியா எதிர் இந்தியா செக்யூரிட்டீஸ் வழக்கில் இதுதான் நடந்தது. நோட்டீஸ் கிடைத்தது 1995 செப்டம்பர் 29. அந்த நாளைத் தள்ளிப் பதினைந்து நாள் எண்ணினால் அக்டோபர் 14. பணம் வரவில்லை. அக்டோபர் 15 அன்று வழக்குக்கான காரணம் பிறந்தது. புகார் கொடுத்தது நவம்பர் 15. அக்டோபர் 15ஐச் சேர்த்தால் ஒரு மாதம் நவம்பர் 14 அன்றே முடிந்தது, புகார் செல்லாது. தள்ளினால் நவம்பர் 15 கடைசி நாள், புகார் செல்லும். 1805 ஜூலை 12 ஞாபகம் வருகிறதா? அச்சு அசலாக அதே கணக்கு.

1999ல் உச்ச நீதிமன்றம் அக்டோபர் 15ஐத் தள்ள வேண்டும், புகார் நேரத்துக்குள்தான் வந்தது என்று சொன்னது. அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் அதே வருஷம் வேறொரு வழக்கில், ஃபேக்ஸில் போன நோட்டீஸும் செல்லும் என்று சொன்ன தீர்ப்பில், நாட்களை எண்ணிய விதம் இதோடு ஒட்டவில்லை. இரண்டுமே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. கீழே இருப்பவர்கள் எதை எடுப்பார்கள்?

கேள்வி கடைசியில் மூன்று நீதிபதிகள் கொண்ட பெஞ்சுக்குப் போனது. எகான் ஆன்ட்ரி எதிர் ரோம் இண்டஸ்ட்ரீஸ், தீர்ப்பு 2013ல். எதிர்த்தரப்பு வாதம் கூர்மையானது. ஒரே பிரிவில் ஓரிடத்தில் ஃப்ரம், மற்ற இடங்களில் ஆஃப் என்று சட்டசபை போட்டிருக்கிறது, இரண்டும் ஒன்றுதான் என்றால் ஏன் மாற்றிப் போட வேண்டும், மாற்றியதற்கு ஏதோ அர்த்தம் இருக்க வேண்டும் என்று. படித்தால் நமக்கே நியாயமாகத்தான் படுகிறது. கோர்ட் பழைய ஆங்கிலத் தீர்ப்புகளைத் தூசி தட்டி எடுத்தது, 1808ன் லெஸ்டர் எதிர் கார்லண்ட் உட்பட. ஒரு நிகழ்ச்சிக்குப் பிறகு இத்தனை நாள் அவகாசம் என்றால் நிகழ்ச்சி நடந்த நாளைத் தள்ளுவதுதான் பொது விதி, இங்கே ஆஃப்புக்கும் ஃப்ரமுக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டியதில்லை, சாகேத் தீர்ப்புதான் சரி என்று முடித்தது.

ஒரு ஓ, ஒரு எஃப். 1989லிருந்து 2013 வரை இருபத்துநான்கு வருஷம். எழுதியவர் நான்கு இடத்திலும் ஃப்ரம் என்றே போட்டிருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் நடை நன்றாயிருக்காது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிறார்கள். கட்டுரைக்கு அது சரி. கெடு வைக்கும் இடத்தில் அது வினை.

சட்டம் இப்படி என்றால், கோர்ட்டுக்குப் போகாமல் இதைத் தீர்த்துக்கொண்டவர்களும் உண்டு. உலக வங்கிகள். ஏற்றுமதி இறக்குமதியில் எல்.சி. எனப்படும் லெட்டர் ஆஃப் கிரெடிட்டுக்கு ஐ.சி.சி. என்ற சர்வதேச வர்த்தக சபை 1933லிருந்து பொது விதிகள் போட்டு வருகிறது. இப்போது நடைமுறையில் இருப்பது யூ.சி.பி. 600, 2007 ஜூலை 1லிருந்து. அதன் மூன்றாவது பிரிவில் ஒரு சின்ன அகராதியே இருக்கிறது. எல்லாம் ப்ரிபோசிஷன்கள்தான்!

சரக்கு ஏற்றும் காலத்தைச் சொல்லும்போது டு, அண்டில், டில், ஃப்ரம், பிட்வீன் எது வந்தாலும் சொன்ன தேதி சேர்த்தி. பிஃபோர், ஆஃப்டர் வந்தால் சொன்ன தேதி தள்ளுபடி. ஆன் ஆர் அபவுட் என்றால் அந்தத் தேதிக்கு ஐந்து நாள் முன்னும் ஐந்து நாள் பின்னும், இரண்டு முனையும் சேர்த்து. "மாதத் தொடக்கம்" என்றால் 1லிருந்து 10, "மத்தியில்" என்றால் 11லிருந்து 20, "கடைசியில்" என்றால் 21லிருந்து மாதம் முடியும் வரை.

இதில் வேடிக்கை அடுத்த வரியில். பணம் தர வேண்டிய தேதியைக் கணக்கிடும்போது மட்டும் ஃப்ரம், ஆஃப்டர் இரண்டுமே சொன்ன தேதியைத் தள்ளும். ஒரே எல்.சி.யில், ஒரே ஃப்ரம், சரக்கு ஏற்ற உள்ளே, பணம் கொடுக்க வெளியே. மான்ஸ்ஃபீல்ட் 1777ல் சொன்னதேதான், இடத்தைப் பொறுத்து இரண்டு அர்த்தம். ஆனால் எந்த இடத்தில் எது என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டார்கள். கப்பல் கிளம்பிய பிறகு யாரும் வாதாட முடியாது.

ஒரு நாளுக்கு இவ்வளவு ரகளையா என்றால், கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பில் ஆஃப் லேடிங் தேதி மார்ச் 1, அதிலிருந்து 60 நாளில் பணம். மார்ச் 1ஐத் தள்ளினால் ஏப்ரல் 30. சேர்த்தால் ஏப்ரல் 29. தொகை 10 கோடி, வட்டி 9 சதவிகிதம் என்றால் அந்த ஒரு நாளின் விலை சுமார் 24,657 ரூபாய். ஒரு பில்லுக்கு!

சின்னத் தொகைக்காரர்களுக்கும் இது புதிதில்லை. 2010 மார்ச் வரை சேமிப்புக் கணக்கு வட்டி எப்படி என்று நினைவிருக்கும். ஒவ்வொரு மாதமும் 10ஆம் தேதியிலிருந்து மாதக் கடைசி வரை இருந்த குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. 11ஆம் தேதி பணம் போட்டால் அந்த மாதம் அந்தப் பணத்துக்கு வட்டி இல்லை. "பத்தாம் தேதிக்குள் போட்டுடு" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வது இதனால்தான். பென்ஷன் வாங்குகிறவர்கள் ப்ரிபோசிஷன் எதுவும் படிக்காமலே அந்த முனை எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரிந்து வைத்திருந்தார்கள். 2010 ஏப்ரல் 1லிருந்து தினசரி இருப்புக்கு வட்டி என்று ஆனது. அந்தப் பத்தாம் தேதி ஓட்டம் நின்றது.

சரி, இத்தனை கதையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

எது சரியான ப்ரிபோசிஷன் என்று தேடுவதில் பாதி வேலைதான் முடிகிறது. பையா டில்லா என்பதற்கு இலக்கணத்தில் பதில் உண்டு, அதைப் படித்துக்கொள்ளலாம். அந்த நாள் உள்ளேயா வெளியேயா என்பதற்கு இலக்கணத்தில் நிச்சயமான பதில் கிடையாது. அது அந்தச் சொல்லுக்குள் இல்லை. யாரோ உட்கார்ந்து முடிவு செய்து எழுதி வைக்க வேண்டும். நாம் எழுதவில்லை என்றால் பின்னால் ஒரு நீதிபதி எழுதுவார், நம் செலவில்.

அதனால் கடிதமோ, வாடகை ஒப்பந்தமோ, கைமாற்றுச் சீட்டோ எழுதும்போது மூன்று விஷயம். ஒன்று, நாட்களை எண்ணச் சொல்லாதீர்கள், தேதியைப் போடுங்கள். "வித்இன் ஃபிஃப்டீன் டேஸ் ஃப்ரம் ரிசீப்ட்" என்பதைவிட "ஆன் ஆர் பிஃபோர் 14 அக்டோபர்" எவ்வளவோ நிம்மதி. இரண்டு, தொடக்கமும் முடிவும் இருந்தால் "இரு நாட்களும் உட்பட" என்று சேர்த்துவிடுங்கள். மூன்று, முதல் வரியில் ஃப்ரம் போட்டால் கடைசி வரை ஃப்ரமே போடுங்கள். அழகுக்காக மாற்ற வேண்டாம்.

செக் திரும்பி வந்து கையில் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. சட்டம் முதல் நாளைத் தள்ளித்தான் எண்ணுகிறது, ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கிறது, வாஸ்தவம். அந்தக் கூடுதல் நாளை நம்பி உட்காராதீர்கள். முப்பது நாள் என்றால் இருபதாம் நாளுக்குள் நோட்டீஸ் போகட்டும். சாகேத் வழக்கில் நவம்பர் 15க்குப் பதில் நவம்பர் 10 அன்று புகார் கொடுத்திருந்தால், அக்டோபர் 15 உள்ளேயா வெளியேயா என்று யாரும் கேட்டிருக்கவே மாட்டார்கள்.